எந்த வாசலில் திரும்பி வந்தாள்?

கேள்வி: நாங்கள் தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சால்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருக்கும் ஒன்பது பெண்கள். பச்சத் கட் என்று இங்கே சொல்வார்களே, அந்தச் சேமிப்புக் குழுவை ஏழு வருடமாக நடத்தி வருகிறோம். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு எங்கள் பகுதியிலேயே ஒரு ஆலோசனை மையம் வேண்டும் என்று ஓர் அறக்கட்டளையிடம் கேட்டோம். “தேவை இருக்கிறது என்று கணக்கோடு காட்டுங்கள். அறை வாடகையும் ஒரு ஆலோசகருக்குச் சம்பளமும் தருகிறோம்” என்கிறார்கள். இரண்டு மாதம் அவகாசம். கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 500 வீடுகளுக்குப் படிவத்தோடு போகலாம் என்று நினைக்கிறோம். நாற்பது கேள்விகள் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் எங்கள் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களோ, “நம்ம ஜனத்துல அப்படியெல்லாம் கிடையாது. குடும்ப மானத்தை ஏம்மா சந்திக்கு இழுக்குறீங்க” என்கிறார்கள். புகாரென்று போகிறவர்களும் குறைவு. நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராவி, மும்பை 17)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 500 படிவங்களை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் கட்டி ஓரமாக வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், உங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே ஒரு சந்தில், இதே மாதிரி ஒரு படிவத்தோடு வீடு வீடாகப் போனேன். பத்துக்குப் பத்து கோலி, அதாவது ஒற்றை அறை. உள்ளே ஒரு பெண் மோரி என்கிற கழுவுமிடத்தின் ஓரமாக உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் கண்ணில் படவில்லை. “வீட்டுக்காரர் கை நீட்டுவாரா?” என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். நான் கட்டத்தில் டிக் போட்டேன். மேலே மாளா என்கிற பரணில் நைட் ஷிஃப்ட் முடித்துவந்த கொழுந்தன் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொன்னாள். கேட்க ஒரு ஆள் வந்ததே என்று சொல்லியிருப்பாள். அடுத்த வாரம் போனபோது கதவு பூட்டியிருந்தது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பக்கத்துவீட்டு அம்மா சொன்னார். எதற்காக அனுப்பினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கையில் ஒரு டிக் மட்டும் மிஞ்சியது. அதற்கு அவள் கொடுத்த விலையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பெண்கள் மீதான வீட்டு வன்முறை பற்றிக் கேள்வி கேட்பவர்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2001-இல் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். தனியாக இருக்கும்போது மட்டுமே கேட்க வேண்டும். வீட்டாரிடமும் தெருவிலும் ‘பெண்கள் உடல்நல ஆய்வு’ என்பது போன்ற பொதுப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடம் மட்டும், அவள் சம்மதம் கேட்கும்போது, உள்ளதைச் சொல்ல வேண்டும். நடுவில் யாராவது வந்தால் பேச்சைப் பிள்ளையின் தடுப்பூசிக்கோ தண்ணீர்ப் பிரச்சினைக்கோ மாற்றத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் “ஆமாம், எனக்கு உதவி வேண்டும்” என்று சொன்னால் கூட்டிப்போக ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் நீங்கள் இனிமேல் உண்டாக்கப் போகிறீர்கள். அதற்கு முன்பே 500 கதவுகளைத் தட்டினால் திறந்த காயத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு வருவீர்கள். அதிலும் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் கேட்கும் தாராவியில், தனிமை என்று ஒன்றை வீட்டுக்குள் தேடவே முடியாது.

சரி, அறக்கட்டளைக்கு எண் வேண்டுமே? அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். திருமணமான 18 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம். மகாராஷ்டிரத்தில் 25.2. உங்கள் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் எந்த மண்ணிலிருந்து வந்தார்களோ அந்தத் தமிழ்நாட்டில் 38.1. “நம்ம ஜனத்துல கிடையாது” என்பவர்களிடம் சண்டைக்குப் போகாமல் இந்த ஒரு எண்ணை மட்டும் மெல்லச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தைவிட அதிகம், ஐயா, என்று சொல்லுங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. வன்முறையை அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் தேடவில்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. தேடியவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. காவல் நிலையம்வரை போனவர்கள் மிகச் சிலர். எனவே “புகார் குறைவு” என்பதைப் பிரச்சினை குறைவு என்று படிக்கக் கூடாது. பல இடங்களில் நான் பார்த்தது இதற்கு நேர் எதிர். நம்பிக்கையான ஒரு ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் புகார் கூடும். உங்கள் மையம் திறந்து ஒரு வருடத்தில் எண்ணிக்கை ஏறினால், “இவர்கள் வந்துதான் குடும்பங்களைக் கெடுத்தார்கள்” என்று பேசுவார்கள். இதை அறக்கட்டளைக்கு இப்போதே எழுத்தில் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஆக, எத்தனை பேர் என்ற கேள்விக்கு நீங்கள் உழைக்க வேண்டாம். உதவி தேடிப் புறப்பட்டவள் எந்த வாசலில் திரும்பி வந்தாள் என்று பாருங்கள். தாராவியில் உங்களால் மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு அதுதான். எந்த அரசு ஆய்வும் அதை உங்களுக்குத் தராது.

வன்முறையை விட்டு வெளியே வந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். இப்போது பாதுகாப்பாக இருக்கிற, தானாகப் பேச முன்வருகிற பெண்களாகப் பார்த்து ஒரு இருபது பேர். வீட்டில் வேண்டாம். குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கோயில் மண்டபத்தில், பால்வாடிக்குப் பிள்ளையை விட வரும் நேரத்தில் என்று அவர்கள் சொல்கிற இடத்தில் பேசுங்கள். நாற்பது கேள்வி தேவையில்லை. “முதல்ல யார்கிட்ட சொன்னீங்க? அவங்க என்ன சொன்னாங்க? அப்புறம்?” இவ்வளவுதான். அந்த “அப்புறம்?” என்பதை விடாமல் கேட்டுக்கொண்டே போங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன நேரம், என்ன மொழியில் பேசினார்கள், கூட யார் போனார்கள், கையில் ஏதாவது காகிதம் கொடுத்தார்களா, ஏன் திரும்பினாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர், வீட்டு எண், குழந்தைகளின் பள்ளி எதுவும் எழுதக் கூடாது. பத்துப் பெண்களின் கதையில் எட்டுக் கதைகள் ஒரே வாசலில் முடிந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

நான் பார்த்தவரை தமிழ்ப் பெண்களின் பாதை பெரும்பாலும் இப்படிப் போகும். பக்கத்துவீட்டு அக்கா. ஊரிலிருக்கும் அம்மாவுக்கு போன். “பொறுத்துக்கோ, பிள்ளைக்காகப் பாரு.” பிறகு மாமா அல்லது சித்தப்பா. பிறகு ஊர்ச் சங்கம். அங்கே இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். “இனிமேல் அடிக்க மாட்டேன்” என்று எழுதி வாங்குவார்கள். அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் பலம் இல்லை. ஆனால் அதை வாங்கிய பிறகு அவள் வேறு எங்கே போனாலும், “பெரியவர்களை மதிக்காதவள்” என்ற பெயர் சேர்ந்துகொள்ளும். சங்கத்தைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இரவு வேலைக்காரர்கள் முதல் தோல் பட்டறைக்காரர்கள்வரை அங்கேதான் பேச்சைக் கேட்கிறார்கள். ஆனால் காயம் உண்டான, கொலை மிரட்டல் உள்ள விஷயத்தைச் சங்கம் பேசி முடிக்கக் கூடாது, அன்றைக்கே மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒரு ஒப்பந்தத்தையாவது அவர்களிடம் வாங்கப் பாருங்கள். அதுவும் உங்கள் தேவைப் பட்டியலில் ஒன்று.

அடுத்தது, இருக்கிற வாசல்களைப் பட்டியலாக எழுதாமல் நேரில் நடந்து பார்ப்பது. மும்பையில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. செம்பூரை அடுத்த தேவ்னாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், மும்பை போலீஸோடு சேர்ந்து 1984-இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவை போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலேயே தொடங்கியது. போலீஸ் கட்டடத்துக்குள் சமூகப் பணியாளர் உட்கார்ந்து பேசுகிற ஏற்பாடு அது. பாந்த்ரா பாபா நகராட்சி மருத்துவமனையில் ‘திலாசா’ என்ற மையம் 2001-இல் வேலையைத் தொடங்கியது. மாநகராட்சியும் சேஹாத் என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து செய்தது. அதன் பின்னாலிருந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. போலீஸ் நிலையத்துக்குப் போகிற பெண்ணை ஊரே பார்க்கும். மருத்துவமனைக்குப் போகிறவளை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆகவே காயத்துக்குக் கட்டுப் போடுகிற இடத்திலேயே, “விழுந்துட்டேன்” என்று சொல்பவளிடம் “எப்படி விழுந்தீங்க?” என்று பொறுமையாகக் கேட்க நர்ஸுகளைப் பழக்கினார்கள்.

உங்கள் வாசலிலேயே ஸ்னேஹா இருக்கிறது. சயான் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1999-இல் தொடங்கிய அமைப்பு. குழந்தைகளைக் காப்பாற்ற வந்தவர்கள், தாய் அடிபடும் வீட்டில் குழந்தை எப்படித் தேறும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தாராவியில் அவர்கள் வளர்த்த ‘சங்கினி’களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே சந்தில் குடியிருக்கும் பெண்ணையே பயிற்றுவித்து, அடுத்த கோலியில் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தார்கள். சுவர் மெல்லியது என்பதை ஆபத்தாக மட்டும் பார்க்காமல் பலமாகவும் ஆக்கிய வேலை அது. நீங்கள் முதலில் பேச வேண்டியது அவர்களிடம்தான். அவர்கள் எந்தச் சந்துவரை வருகிறார்கள், எங்கே ஆள் போதவில்லை என்று கேளுங்கள். உங்கள் பகுதியில் ஏற்கெனவே ஒரு மையம் நன்றாக நடந்தால், பக்கத்திலேயே இன்னொரு அறைக்கு வாடகை கட்டுவது வீண்.

பிறகு சட்டத்தின் வாசல். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும். அவர் சம்பவ அறிக்கையை எழுதி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புவார். 60 நாளில் மனுவை முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்பது சட்டம். போதுமான பாதுகாப்பு அதிகாரிகளை நியமிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே 2025 மே மாதத்தில் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள் குழுவில் இரண்டு பேர் ஒரு வேலை நாளில் கிளம்பி, தாராவிக்கு உரிய பாதுகாப்பு அதிகாரி யார், எங்கே உட்காருகிறார், அங்கே போய்வர எவ்வளவு பஸ் செலவு, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு நாள் கூலியை இழந்து அவள் அங்கே மூன்று முறை போக வேண்டும் என்றால் அந்த வாசல் அவளுக்கு மூடியதற்குச் சமம். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்து, நாங்கள் இன்ன குழு, தகவலுக்காகக் கேட்கிறோம் என்று நேர்மையாகச் சொல்லி, தமிழில் பேச ஆள் உண்டா என்று கேளுங்கள். 112-க்கும் மும்பை போலீஸின் 103-க்கும் இப்படிச் சோதனைக்காக அழைக்க வேண்டாம். உயிர் போகிற அவசரத்தில் இன்னொருத்தி அந்த லைனுக்காகக் காத்திருக்கலாம்.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் பேரம் பேச நமக்கு இந்தி வரும். ஆனால் கணவன் படுக்கையில் என்ன செய்தான் என்று சொல்ல அந்த இந்தி போதாது. “மார்தா ஹை” என்ற இரண்டு சொல்லோடு அவள் நிறுத்திவிடுவாள். மராத்தியில் எழுதிய வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 1992 முதல் மகளிர் காவல் நிலையங்கள் இருப்பதால், ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண் இங்கேயும் அப்படி ஒன்றைத் தேடுவாள். பொதுக் காவல் நிலையத்தின் படி ஏறுவதற்கே அவளுக்குத் துணை வேண்டும். அங்கே கூட உட்கார்ந்து, எழுதியதைத் தமிழில் படித்துச் சொல்கிற ஒரு ஆள் என்பது சிறிய விஷயமாகத் தெரியும். உங்கள் இருபது கதைகளில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

“ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்” என்று முடிகிற கதைகளும் வரும். அங்கே போனதோடு அவள் உரிமை போய்விடாது. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் மாஜிஸ்ட்ரேட்டிடமே மனுக் கொடுக்கலாம் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ உட்கார்ந்துகொண்டே தாராவிக் கணவன் மீது வழக்குப் போடலாம். இது தெரியாமல் ரயில் டிக்கெட்டுக்குக் கடன் வாங்கி வாய்தாவுக்கு வந்துபோன பெண்கள் இருக்கிறார்கள். எல்லாப் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு, 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. மும்பையையும் தென்மாவட்டங்களையும் இணைக்கிற ஒரு கை உங்கள் மையத்தில் இருந்தால் அதுவே பாதி வேலை.

யாரை விட்டுவிடுவீர்கள் என்றும் யோசியுங்கள். மகன் அடிக்கிற தாய், அண்ணன் பூட்டி வைக்கிற கல்யாணமாகாத பெண், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறவள், எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். உங்கள் சாலில் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். மையம் தமிழில் பேச வேண்டும் என்பது அவர்களைத் திருப்பி அனுப்ப அல்ல.

நேரம். அதிகாலை மூன்று மணிக்கு இட்லிக்கு அடுப்பேற்றுகிற பெண்ணும், மாட்டுங்கா ஃபிளாட்டுகளில் நான்கு வீடு வேலை முடித்து வருகிற பெண்ணும் பத்து முதல் ஐந்து மணிவரை திறந்திருக்கும் அலுவலகத்துக்கு எப்போது வர முடியும்? எப்போது வர முடியும் என்று அவர்களையே கேளுங்கள். இரவில் வெளியே தள்ளப்பட்டவள் காலைவரை எங்கே உட்கார்ந்திருந்தாள் என்றும் கேளுங்கள். பொதுக் கழிப்பறை வாசல், ரயில்வே பிளாட்பாரம், தோழியின் வீட்டு மாளா என்று பதில்கள் வரும். அந்தப் பதில்களைக் கூட்டினால் உங்களுக்கு இரவு தங்குமிடம் எவ்வளவு அவசரம் என்பது தெரிந்துவிடும். மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு ‘சகி’ மையத் திட்டத்திலும் ஐந்து நாள்வரைதான் தங்கலாம். ஆறாவது நாள் எங்கே என்ற கேள்வியையும் அறக்கட்டளையின் முன் வையுங்கள்.

இன்னொன்று, இதைத் தாராவிக்காரர்கள் மட்டுமே உணர முடியும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீடு வீடாக அளவெடுத்து எண் போட்டிருக்கிறார்கள். மும்பையின் குடிசை மறுசீரமைப்பு விதிகளில், ஒப்பந்தம் குடியிருப்பவர், அவர் துணைவர் இருவர் பெயரிலும் போட வேண்டும் என்று இருக்கிறது. அடிபட்டு ஊருக்குப் போன பெண்ணின் பெயர் இந்தக் கணக்கெடுப்பில் விடுபட்டிருந்தால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. ரேஷன் கார்டில், ஆதாரில், அளவெடுப்பில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொடுக்கிற உதவி இப்போது எத்தனை பேருக்கு வேண்டும் என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். ஒரு சந்துக்காரர்கள் வெவ்வேறு கட்டடங்களுக்கும் வெவ்வேறு பகுதிகளுக்கும் பிரிந்து போனால், சத்தம் கேட்டு ஓடிவரும் பக்கத்துவீட்டு அக்காவும் இருக்க மாட்டார். நீங்கள் இன்று எடுக்கிற கணக்கை அப்போது புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

எழுதிய தாள்களை ஒரே ஆள் பூட்டி வைக்கட்டும். போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. தாராவியில் போனை வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள்.

இரண்டு மாதத்தின் முடிவில் அறக்கட்டளையிடம் கொண்டுபோக உங்களிடம் பெயரில்லாத இருபது பாதைகளும், நீங்கள் நடந்துபார்த்த வாசல்களின் குறிப்பும், அரசு ஆய்வின் எண்களும் இருக்கும். அறைக்கான வாடகையைக் கேட்பதா, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போகத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் இருவருக்குச் சம்பளமும் இரவில் எடுக்கிற ஒரு போனும் கேட்பதா என்பதை அந்தத் தாள்கள் சொல்லும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், நான் ஆட்களைத்தான் கேட்பேன். அறை இல்லாவிட்டாலும் பேசலாம்.

கடைசியாக உங்கள் ஒன்பது பேருக்கு. மற்ற பெண்களிடம் போவதற்கு முன்னால், ஒரு மாலை நீங்கள் ஒன்பது பேர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். பேச விரும்புகிறவர் பேசட்டும், வேண்டாதவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும். உங்களில் ஒருவருக்கே உதவி தேவைப்படலாம். அப்படியென்றால் இந்தக் கணக்கெடுப்பு முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டாம். 181-ம் 112-ம் இன்றிரவும் திறந்திருக்கின்றன. அழைக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.